உப்பு, கம்பளி, தோல்

வூர்ட்ஸ்பர்க்

வூர்ட்ஸ்பர்க் ரயில் நிலையத்தின் முதுகுப்புறத்திலேயே திராட்சைத் தோட்டம் தொடங்கிவிடுகிறது. சரிவு முழுக்க வரிவரியாகக் கொடிகள். அவற்றின் வேருக்கு அடியில், பழைய கடல் ஒன்றின் சிப்பிகள் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லின் ருசி ஒயினில் இறங்குகிறது என்று ஊர்க்காரர்கள் சாதிக்கிறார்கள். அதை அடைத்து விற்பதும் இந்தப் பிராந்தியத்துக்கே உரிய தட்டையான, வயிறு அகன்ற குப்பியில்தான். தோட்டத்துக்கு எதிர்த்திசையில் கொஞ்ச தூரம் நடந்தால் வில்ஹெல்ம் ரோண்ட்கன் வேலை செய்த கட்டடம் வருகிறது. 1895 நவம்பர் 8 அன்று அங்கேதான் அவர் எக்ஸ் கதிர்களைக் கண்டார். அந்தச் சாலை இன்று அவர் பெயரில் இருக்கிறது, அறை நினைவிடமாக இருக்கிறது.

மனைவியின் கையெலும்புகளைக் காட்டிய படம் உலகமெங்கும் பரவியது. ரோண்ட்கனின் புகழ் அதில் நிலைத்துவிட்டது. படிகங்களைப் பற்றி யோசித்தபடி இந்த வழியில் வருகிறவருக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவருக்குக் கிடைக்காமல் போன ஒன்று. ஒளி அலையாக இருப்பதால், நெருக்கமாகக் கோடு கிழித்த தட்டின் வழியே செல்லும்போது வளைந்து, ஒன்றோடொன்று குறுக்கிட்டு, வரிகளாகப் பிரிகிறது. இதைத்தான் விளிம்பு விளைவு என்கிறோம். புதிய கதிர்களிடமும் அது இருக்கிறதா என்று ரோண்ட்கன் தேடினார். உறுதியாக எதுவும் அகப்படவில்லை. எக்ஸ் கதிரின் அலைநீளம் சுமார் ஓர் ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அன்று மனிதர் கிழித்த எந்தக் கோடும் அதற்குப் பல்லாயிரம் மடங்கு அகலம். போதுமான அளவு நெருக்கமான கோடுகள் கொண்ட தட்டு எதிர்ச்சரிவில் மலையளவு கிடந்தது. சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் படிகத்துக்குள் அணுக்கள் அந்த நெருக்கத்தில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. தன் முதல் கட்டுரைக்கான சோதனைகளில் ரோண்ட்கன் கால்சைட்டையும் கதிருக்கு முன்னால் வைத்தார். கதிர் எவ்வளவு ஊடுருவுகிறது என்று மட்டும் பார்த்தார்.

கருவி இருந்தது, கதிர் இருந்தது, படிகமும் இருந்தது. படிகம் என்பது உள்ளே என்னவாக இருக்கும் என்ற எண்ணம் அந்த அறையில் இல்லை. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவைப் பற்றிய பாடநூல் விவரிப்பில், ஒரு பொருளைக் கதிர்முன் வைத்தால் அதன் உள்ளமைப்பு தெரிந்துவிடும் என்ற தொனி இருக்கும். இந்த அறிவியல் பிறந்து வளர்ந்த ஊர்களை வரிசையாகப் பார்த்தால் அந்தத் தொனி பிழை என்பது புலப்படும். படம் பாதியைத்தான் தருகிறது. மீதிப் பாதியை ஒவ்வொரு முறையும் கொடுத்தது, அந்தப் பொருளோடு புழங்கியவர்களின் அறிவு. அந்த அறிவு ஊர்களில் இருக்கிறது. இதை ஊர் ஊராகவே நிறுவ முடியும் என்று நினைக்கிறேன்.

மியூனிக்

மியூனிக்கில் காலைப் பசிக்கு வெள்ளைத் தொத்திறைச்சி. நண்பகல் மணி அடிப்பதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பது பழைய வழக்கம். வெந்நீரில் மிதந்து வரும் அதைத் தோலுரித்து, இனிப்புக் கடுகோடு தொட்டு, முறுக்கிச் சுட்ட பிரெட்செல் ரொட்டியோடு உண்கிறார்கள். ரொட்டியின் பழுப்பு மேனியில் பருபருவென்று கல்லுப்பு. நம் உப்பளத்துக் கல்லைப் போலவே அதுவும் சதுர விளிம்பு காட்டுகிறது. இசார் ஆற்றின் நடுத்தீவில் உள்ள டாய்ச்சஸ் மியூசியத்தில் 1912-ஆம் ஆண்டுச் சோதனையின் கருவி வைக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு எளிய அமைப்பு! ஒரு கதிர்க்குழாய், ஈயத்தில் துளைகள், படிகத்தைப் பொருத்த ஒரு தாங்கி, சுற்றிலும் புகைப்படத் தட்டுகள். இதில் இருந்த எதுவும் மற்ற ஐரோப்பிய நகரங்களில் கிடைக்காத பொருள் அல்ல.

அப்படியிருக்க, ஏன் இங்கே? ரோண்ட்கன் 1900-இல் இதே பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டிருந்தார். கோட்பாட்டு இயற்பியலுக்கு அர்னால்ட் சோமர்ஃபெல்ட். கனிமவியலில் பால் ஃபான் குரோத், உலகத்துப் படிகங்களையெல்லாம் வகைப்படுத்திய மனிதர். படிகத்துக்குள் புள்ளிகள் ஒழுங்கான அணிக்கோவையாக நிற்கின்றன என்ற கருத்து அன்று பல ஊர்களில் மறக்கப்பட்ட கணித விளையாட்டு. மியூனிக்கில் அது உயிரோடு இருந்தது. அந்தக் கருத்தை வளர்த்த லியோன்ஹார்ட் சோங்கே இந்த நகரில் கற்பித்திருந்தார். அவருடைய அணிக்கோவை மாதிரிகள் மாணவர்களின் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன. சோமர்ஃபெல்டின் மாணவர் பால் எவால்ட், அணிக்கோவைக்குள் ஒளி எப்படி நடக்கும் என்று ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். 1912 தொடக்கத்தில் அவர் இயற்பியலாளர் மாக்ஸ் ஃபான் லாவேயிடம் யோசனை கேட்டபோது, புள்ளிகளுக்கு இடையே தூரம் எவ்வளவு இருக்கும் என்று லாவே திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து சோதனை பிறந்தது. அணுக்களின் வெப்ப நடுக்கம் எல்லாவற்றையும் கலைத்துவிடும் என்று சோமர்ஃபெல்டே ஐயப்பட்டார். வால்டர் ஃபிரீட்ரிக்கும் பால் நிப்பிங்கும் அந்த ஐயத்தையும் மீறி மயில்துத்தப் படிகம் ஒன்றைக் கதிரில் வைத்தார்கள். தட்டில் கரும்புள்ளிகள் விழுந்தன. எக்ஸ் கதிர் அலைதான், படிகம் அணிக்கோவைதான் என்று இரண்டு நெடிய வாதங்கள் ஒரே தட்டில் தீர்ந்தன.

லாவேக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு அவர் முழுத் தகுதி உடையவர். ஆனால் அந்தப் புள்ளிகளை அவரால் சரியாக வாசிக்க முடியவில்லை என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. துத்தநாக சல்ஃபைடு படிகம் அழகான நான்மடிச் சமச்சீரோடு புள்ளிகளைத் தந்தது. கனசதுரத்தின் மூலைகளில் மட்டும் அணுக்கூட்டம் நிற்பதாகவும், கதிரில் ஐந்து குறிப்பிட்ட அலைநீளங்கள் இருப்பதாகவும் வைத்துக்கொண்டு அவர் கணக்குப் போட்டார். கணக்கின்படி விழவேண்டிய சில புள்ளிகள் தட்டில் விழவில்லை. வாசலில் போடும் கோலத்தை எடுத்துக்கொண்டால், புள்ளி வைப்பதற்குள்ள ஒழுங்கு வேறு, அவற்றைச் சுற்றி இழையும் கம்பி வேறு. எத்தனை புள்ளி, என்ன வரிசை என்று தெரிந்தாலும் கம்பி எப்படி ஓடுகிறது என்று தெரியாது. படிகப் படத்திலும் கறைகள் விழும் இடம் அணிக்கோவையைச் சொல்லிவிடும். அணிக்கோவையின் ஒவ்வொரு புள்ளியிலும் எந்த அணு, எந்தத் திசையில் நிற்கிறது என்பதற்கான தடயம் கறைகளின் அடர்த்தியில் ஒளிந்திருக்கிறது. அந்த அடர்த்திகளை அமைப்பாக மாற்றுவது, பொருளைப் பற்றி வேறொரு வழியில் எதையாவது அறிந்தவரால்தான் முடிகிறது. அந்த அறிவு அந்த ஆண்டு மியூனிக்கில் இல்லை. வேறோர் ஊரில் இருந்தது.

கேம்பிரிட்ஜ்

பவேரியாவின் அகன்ற வீதிகளுக்குப் பிறகு கேம்பிரிட்ஜின் சந்துகள் தோள் உரசுகின்றன. பழைய கேவண்டிஷ் ஆய்வகம் அப்படியொரு சந்தில், கல்வளைவு வாயிலுக்குள் ஒடுங்கி நிற்கிறது. கல்லூரிகளின் பின்புறமோ நேர்மாறு: பச்சைப் புல்வெளி, மெதுவாக நகரும் கேம் ஆறு, கழி ஊன்றித் தள்ளும் தட்டைப் படகுகள், மேய்ந்துகொண்டிருக்கும் மாடுகள். அந்தப் பின்வெளியில் நடந்துகொண்டிருந்தபோதுதான் லாரன்ஸ் பிராகுக்கு யோசனை தோன்றியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தவர். அப்போது வயது 22. படிகத்துக்குள் அணுக்கள் தளம் தளமாக நிற்கின்றன. ஒவ்வொரு தளமும் கதிரைக் கண்ணாடியைப் போல் எதிரொளிக்கிறது. அடுத்தடுத்த தளங்களிலிருந்து வரும் அலைகள் ஒத்துப்போகும் கோணத்தில் மட்டும் கறை விழுகிறது. தளங்களின் இடைவெளி, கோணம், அலைநீளம் மூன்றையும் கட்டிப்போடும் அந்த எளிய விதி 1912 நவம்பர் 11 அன்று கேம்பிரிட்ஜ் தத்துவச் சங்கத்தில் வாசிக்கப்பட்டது.

விதி இயற்பியல். துத்தநாக சல்ஃபைடின் புதிரைத் தீர்த்ததோ கேம்பிரிட்ஜின் வேதியியல். அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் போப், வில்லியம் பார்லோ என்பவரோடு சேர்ந்து, அணுக்களை உருண்டைகளாக எண்ணி அவை எப்படி நெருக்கி அடுக்கப்படும் என்று ஆண்டுக்கணக்கில் யோசித்திருந்தார். கனசதுரத்தின் மூலைகளில் மட்டும் அல்லாமல் முகங்களின் நடுவிலும் உருண்டை நிற்கும் அடுக்கு அவர்களுடைய பட்டியலில் இருந்தது. அந்த அடுக்கை எடுத்துக்கொண்டதும் விழுந்த புள்ளிகளும் விழாத புள்ளிகளும் ஒருசேர விளங்கின. ஐந்து தனி அலைநீளங்கள் தேவைப்படவில்லை.

அடுத்து போப்பின் தூண்டுதலால் பிராக் எடுத்துக்கொண்டவை சாதாரண உப்புகள். இங்கேதான் என் வாதத்துக்கு மிக வலுவான சான்று கிடைக்கிறது. பொட்டாசியம் குளோரைடின் படத்தை மட்டும் பார்த்தால், மூலைகளில் மட்டும் அணு நிற்கும் எளிய கனசதுரம் என்றே சொல்லத் தோன்றும். பொட்டாசியம் புரோமைடும் அயோடைடும் முகநடுவிலும் அணு நிற்கும் அடுக்கைக் காட்டின. சோடியம் குளோரைடு இரண்டுக்கும் நடுவே நின்றது. நான்கும் வேதியியலில் நெருங்கிய உறவுகள், நான்கும் கனசதுரமாகவே படிகமாகின்றன. அவற்றின் அடுக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்பது வேதியியலார் சொல்லும் எதிர்பார்ப்பு. பொட்டாசியமும் குளோரினும் எடையில் கிட்டத்தட்ட சமம். ஆகவே கதிருக்கு அவை இரண்டும் ஒரே அணுவாகத் தெரிகின்றன. புரோமினும் அயோடினும் கனமானவை, அவை மட்டும் துலங்கித் தெரிகின்றன. நான்கு படங்களையும் உறவுமுறை அறிந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒரே அமைப்பு வெளிப்பட்டது. ஒற்றைப் படம் தனியாகப் பேசவிடப்பட்டிருந்தால் பொய் சொல்லியிருக்கும்.

தூரங்களின் அளவும் படத்திலிருந்து வரவில்லை. அலைநீளம் தெரிந்தால் தள இடைவெளி தெரியும், இடைவெளி தெரிந்தால் அலைநீளம் தெரியும். முதலில் எதுவும் தெரியாத நிலையில் எங்கே தொடங்குவது? உப்பின் அடர்த்தியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கன சென்டிமீட்டர் உப்பின் எடை 2.16 கிராம். அதில் எத்தனை அணுக்கள் என்பது அவகாட்ரோ எண்ணிலிருந்து கிடைக்கும். ஒவ்வோர் அணுவுக்கும் எவ்வளவு இடம் என்று வகுத்தால், சோடியத்துக்கும் குளோரினுக்கும் இடையே சுமார் 2.82 ஆங்ஸ்ட்ராம். எக்ஸ் கதிர் அளவுகள் பல ஆண்டுகளுக்குச் சாய்ந்து நின்றது ஒரு தராசின் மேல்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுக்கும் மியூனிக் ரொட்டியின் கல்லுக்கும் அணிக்கோவை ஒன்றே. படிகத்துக்கு ஊர் கிடையாது. அப்படியானால் ஊரைப் பற்றிப் பேசுவது பயணியின் மயக்கம் அல்லவா? படிகத்துக்கு ஊர் இல்லை என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. சரியான விடை எங்கும் ஒன்றுதான். அந்த விடையை நோக்கி நகர்வதற்கு எந்தக் கேள்வியைக் கேட்பது, எந்த இரண்டு பொருள்களை ஒப்பிடுவது, எந்த அமைப்பை முதலில் நம்பிப் பார்ப்பது என்பவைதான் ஊரைச் சார்ந்தவை. போப் இருந்த ஊரில் லாரன்ஸ் பிராக் படித்தார். அதுதான் லாவேக்கு வாய்க்காதது.

லீட்ஸ்

வடக்கே போகப் போக இங்கிலாந்தின் கல் கறுக்கிறது. லீட்ஸின் பழைய கட்டடங்களில் ஆலைப் புகையின் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆர்ம்லி ஆலை இப்போது அருங்காட்சியகம். ஒருகாலத்தில் உலகின் மிகப் பெரிய கம்பளி ஆலைகளுள் ஒன்று. கால்வாய் ஓரமாக நடந்தால் ஈரமும் நிலக்கரி நினைவும் கலந்த குளிர். சாப்பாட்டில் அலங்காரம் கிடையாது: சூடான இறைச்சிச் சாறு ஊற்றிய யார்க்ஷயர் புடிங், மாவில் தோய்த்துப் பொரித்த மீன். கிர்க்கேட் சந்தையில் கடைக்காரர்கள் வாங்க வருபவரை அன்பே என்று அழைத்துப் பேசுகிறார்கள். நம் சந்தைகளில் கேட்கும் 'வாங்கம்மா', 'என்ன தம்பி' போன்ற உரிமையான அழைப்பு அது. கேம்பிரிட்ஜின் புல்வெளிகளில் அந்தக் குரலைக் கேட்க முடியாது.

லாரன்ஸின் தந்தை வில்லியம் பிராக் 1909 முதல் இங்கே இயற்பியல் பேராசிரியர். படத்தட்டுக்குப் பதிலாக, எதிரொளித்த கதிரின் வலிமையை ஒவ்வொரு கோணத்திலும் அளக்கும் கருவியை அவர் இங்கே செய்தார். அதில்தான் வைரமும் உப்பும் ஐயத்துக்கிடமின்றித் தீர்ந்தன. 1915-இல் தந்தைக்கும் மகனுக்கும் நோபல் பரிசு. உப்பின் அமைப்பு வேதியியலார் பலருக்கு உவப்பாக இல்லை. அதில் சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரின் சூழ்கிறது, ஒவ்வொரு குளோரினையும் ஆறு சோடியம். முதுபெரும் வேதியியலாளர் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் 1927-இல்கூட இந்தச் சதுரங்கக் கட்டத்தை எதிர்த்து நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதினார். பொருளறிவுதான் மீதிப் பாதியைத் தருகிறது என்று சொல்லும்போது, இந்த முதியவரை மறக்கக்கூடாது. பொருளை நன்றாக அறிந்தவர்தான் அவர். அந்த அறிவே கண்ணை மறைத்தது.

ஆர்ம்ஸ்ட்ராங்கின் கதை எழுப்பும் மறுப்பு கனமானது: பாதி விடை முன்னறிவிலிருந்து வருகிறது என்றால், நாம் காண்பது படிகத்தையா, நம் முன்முடிவையா? லீட்ஸே இதற்கு இரண்டு பதில்களை வைத்திருக்கிறது. முதலாவது கேத்லீன் லான்ஸ்டேல். பென்சீன் வளையம் தட்டையா, மடிந்ததா என்று வேதியியலார் அறுபது ஆண்டுக்கு மேலாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். இங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த கிறிஸ்டோபர் இங்கோல்ட் ஹெக்சாமெத்தில்பென்சீன் படிகங்களை அவரிடம் கொடுத்தார். 1929-இல் லான்ஸ்டேல் வளையம் தட்டையான அறுகோணம் என்று காட்டினார். மடிந்த வளையத்தை வைத்துக் கணக்கிட்டால் கறைகளின் வலிமை பொருந்தவில்லை. படம் விடையைச் சொல்லாது. தவறான விடைக்குத் தலையாட்டவும் ஆட்டாது. மறுக்கும் அதிகாரம் முழுவதும் படத்திடம் இருக்கிறது, முன்மொழியும் திறன் மனிதரிடம் இருக்கிறது. இந்தப் பிரிவினைதான் முறையின் நேர்மைக்கு அடிப்படை என்று கருதுகிறேன்.

இரண்டாவது பதில் கம்பளி. வில்லியம் ஆஸ்ட்பரி 1928-இல் நெசவு இயற்பியல் கற்பிக்க லீட்ஸ் வந்தார். அந்தத் துறைக்குப் பணமும் பொருளும் கம்பளித் தொழிலிலிருந்து வந்தன. ஈரத்தில் இழுத்தால் கம்பளி நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது என்பது ஆலைத் தொழிலாளிக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்த செய்தி. ஆஸ்ட்பரி இழுத்த கம்பளியையும் இழுக்காத கம்பளியையும் கதிரில் வைத்தார். இரண்டு வேறு படங்கள் வந்தன. புரதச் சங்கிலி மடிந்தும் விரிந்தும் இருக்கக்கூடிய ஒன்று என்று முதன்முதலாகத் தெரிந்தது அப்போதுதான். மடிப்பு எப்படியிருக்கும் என்று அவர் சொன்ன விவரம் தவறு. லைனஸ் பாலிங் 1951-இல் அதைச் சுருளாகத் திருத்தினார். ஆனால் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே, அது கம்பளி ஊரில்தான் தோன்றியிருக்கும். இந்த ஆய்வகத்திலேயே ஃபுளோரன்ஸ் பெல் 1938-இல் டி.என்.ஏ. இழைகளைப் படமெடுத்து, அடுக்குகளுக்கு இடையே சுமார் 3.4 ஆங்ஸ்ட்ராம் என்று அளந்தார். லண்டனில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் டி.என்.ஏ.வைப் படமெடுத்த காலத்துக்கு ஏறக்குறைய பதினைந்து ஆண்டு முந்தியது அது. பெல்லை இவ்வளவு குறைவாக நினைவுகூர்வது நியாயமில்லை.

ஆக்ஸ்ஃபர்ட்

ஆக்ஸ்ஃபர்டின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டைனோசர் எலும்புகளைப் பார்க்கக் குழந்தைகள் ஓடுகிறார்கள். நடுமுற்றத்தைச் சுற்றி நிற்கும் தூண்களை நின்று பார்ப்பவர் குறைவு. ஒவ்வொரு தூணும் பிரிட்டனின் வெவ்வேறு கல்லால் ஆனது. அடியில் கல்லின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டடத்தின் மூலை ஒன்றில், உயரே கோதிக் சன்னல் கொண்ட அறையில், டோரதி ஹாட்ஜ்கின் பல ஆண்டுகள் வேலை செய்தார்.

அவர் எதிர்கொண்ட தடையைச் சற்று விளக்க வேண்டும். படிகத்திலிருந்து வெளிவரும் ஒவ்வோர் அலைக்கும் இரண்டு குணங்கள்: எவ்வளவு வலியது, ஏற்ற இறக்கத்தின் எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது. படச்சுருள் வலிமையைப் பதிகிறது, கட்டத்தைத் தொலைத்துவிடுகிறது. இரண்டும் இருந்தால் அணுக்களின் இருப்பிடத்தை நேராகக் கணக்கிடலாம். வலிமை மட்டும் இருந்தால் எண்ணற்ற அமைப்புகள் சாத்தியம். பாதி என்று நான் சொல்லிவருவது இயற்பியலில் அப்படியே உண்மை. தொலைந்த கட்டத்தை மீட்க ஹாட்ஜ்கின் தலைமுறை கண்ட வழி, கனமான அணு ஒன்றைச் செருகி, படம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. படிகம் குலையாமல் எந்த உப்பு எங்கே நுழையும் என்பது வேதியியல் கைத்திறன்.

பென்சிலினை மருந்தாக்கிய வேலை இதே ஊரில் நடந்தது. அதன் அமைப்பைப் பற்றிய சண்டையும் இங்கேதான். எட்வர்ட் ஆபிரகாம் நான்கு அணுக்கள் கொண்ட, நெருக்கி வளைந்த ஒரு வளையத்தை முன்மொழிந்தார். ஆக்ஸ்ஃபர்டின் பெரும் வேதியியலாளர் ராபர்ட் ராபின்சன் அதை ஏற்கவில்லை. பொட்டாசியம், ரூபிடியம் உப்புகளை ஹாட்ஜ்கினும் பார்பரா லோவும் ஆராய்ந்தார்கள். சோடியம் உப்பை நார்த்விச்சில் வேறொரு குழு ஆராய்ந்தது. 1945-இல் விடை வந்தது: நான்கணு வளையம். ராபின்சனின் மதிப்பும் அனுபவமும் கறைகளுக்கு முன்னால் செல்லவில்லை. அதே ராபின்சன்தான் 1934-இல் இன்சுலின் படிகங்களை ஹாட்ஜ்கினிடம் கொடுத்தவர். அந்த இன்சுலினின் அமைப்பு 1969-இல் வெளியானது. முப்பத்தைந்து ஆண்டு இடைவெளி! அதற்குள் பிரெடரிக் சாங்கர் கேம்பிரிட்ஜில் இன்சுலினின் அமினோ அமில வரிசையைக் கண்டு முடித்திருந்தார். அந்த வரிசை இல்லாவிட்டால் ஹாட்ஜ்கினின் வரைபடத்தில் தெரிந்த மேடு பள்ளங்களுக்குப் பெயர் வைத்திருக்க முடியாது. அந்த 1969 கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் மாமன்னமன விஜயன். பின்னாளில் பெங்களூரில் புரதப் படிகவியலை வேரூன்றச் செய்தவர்.

கிரெனோபிள்

ஆல்ப்ஸ் மலைகள் மூன்று பக்கமும் சூழ்ந்த கிண்ணத்துக்குள் கிரெனோபிள் நகரம் கிடக்கிறது. எந்தத் தெருவின் முனையிலும் ஒரு மலை. அக்ரூட் கொட்டைகளுக்குப் பெயர்போன பள்ளத்தாக்கு. பாலிலும் பாலேட்டிலும் உருளைக்கிழங்கு வில்லைகளை மெதுவாக வேகவைத்த பண்டம் குளிருக்கு இதமாக வயிற்றில் அமர்கிறது. இசேர், டிராக் என்ற இரண்டு ஆறுகள் கூடும் முனையில் ஐரோப்பிய சின்க்ரோட்ரான் வளையம். சுற்றளவு 844 மீட்டர். எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை ஒட்டி அதில் சுற்றி, எக்ஸ் கதிரைப் பொழிகின்றன. மியூனிக் அருங்காட்சியகத்தில் உள்ள குழாயை நினைத்துக்கொண்டு இதைப் பார்ப்பவருக்கு மூச்சடைக்கும்.

இதுவரை சொன்னது அத்தனையும் பழங்கதை என்று இங்கே ஒருவர் சொல்லலாம். ஹாட்ஜ்கினின் முப்பத்தைந்து ஆண்டு இன்று நிமிடங்கள்; கட்டத்தைக் கணினி மீட்கிறது; புரதத்தின் வடிவத்தைப் படிகமே இல்லாமல் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் ஊகிக்கிறது. மறுப்பு வலுவானதுதான். ஆனாலும் உள்ளே திறந்து பார்த்தால் பழைய அறிவு இடம் மாறி அமர்ந்திருப்பது தெரியும். கட்டத்தை நேரடியாகக் கணக்கிடும் முறைக்காக ஹெர்பர்ட் ஹாப்ட்மனுக்கும் ஜெரோம் கார்லுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுடைய கணிதம் ஓடுவதே, எலெக்ட்ரான் அடர்த்தி எங்கும் சுழியத்துக்குக் கீழே போகாது, அணுக்கள் தனித்தனித் திரளாக நிற்கும் என்ற பொருளறிவின்மேல். ஆல்ஃபாஃபோல்ட் கற்றுக்கொண்டது 1971-இல் ஏழு அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியிலிருந்து; அதில் இருப்பவற்றில் பெரும்பான்மை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவால் கிடைத்தவை. யாரும் கால் வைக்காத செவ்வாயில் 2012-இல் கியூரியாசிட்டி ஊர்தி மண்ணைக் கதிரில் வைத்து ஃபெல்ட்ஸ்பார், பைராக்சீன், ஒலிவின் என்று இனம் கண்டது. பூமியின் கனிமங்களை ஒவ்வொன்றாக அளந்து பட்டியலிட்டவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கோடுகளுக்கு அங்கே பெயரே கிடையாது.

பொருளறிவு விலகி நிற்கும்போது என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. செல்சவ்வில் மருந்துகளை வெளியேற்றும் புரதங்களைப் பற்றி அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று வெளியிட்ட ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. தரவைக் கையாண்ட நிரல் ஒன்றில் குறி தலைகீழாகியிருந்தது. அமைப்பு இடம் வலமாகப் புரண்டுவிட்டது. அதை வெளிக்கொணர்ந்தது 2006-இல் சுவிட்சர்லாந்தில் தீர்க்கப்பட்ட உறவுப் புரதம் ஒன்று. பிராக் நான்கு உப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த அதே வழி. இப்படிப்பட்ட வழுக்கல்களைக் குறைக்கத்தான் தரவில் ஒரு சிறு பங்கைத் தொடாமல் ஒதுக்கிவைத்து, முடிந்த அமைப்பு அந்தப் பங்கோடு பொருந்துகிறதா என்று சோதிக்கும் வழக்கம் 1992-இல் முன்மொழியப்பட்டது. முன்முடிவு உள்ளே நுழையாது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நுழைந்தால் பிடிபடுவதற்கு வாசலில் ஒருவரை நிறுத்தியிருக்கிறார்கள்.

கிண்டி

மலைக் குளிரிலிருந்து சென்னையின் சர்தார் படேல் சாலை வெயிலுக்கு. ஒரு புறம் காட்டின் ஆலமரங்களும் புள்ளிமான்களும், அடுத்தடுத்து கல்விக்கூடங்கள், அவற்றுள் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே ஒரு தோல் ஆலை; ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று நீளும் தோல் பதனிடும் பட்டணங்களுக்கு அறிவியல் துணையாக உருவானது இந்த நிறுவனம். தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன். தசைநாணும் அதுதான். ஆட்டுக்கால் பாயா விடியற்காலையில் உதட்டில் ஒட்டுவதும், ராத்திரி முழுக்க வெந்து அவிழ்ந்த அந்தக் கொலாஜனால்தான்.

ஜி. என். ராமச்சந்திரன் 1952-இல் கிண்டிக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார், முப்பது வயது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் அவரை நம்பி ஒரு துறையை ஒப்படைத்திருந்தார். கொலாஜனின் அமைப்பு இன்னும் தீரவில்லை என்று சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னால் சொன்னது அவர் மனத்தில் விழுந்தது. தோல் ஆராய்ச்சியின் அண்டையில் இருந்தவருக்கு அது தொலைதூரப் புதிராகப் படவில்லை. தெளிவான படத்தைத் தந்தது கங்காருவின் வால் தசைநாண். ஆனால் இழையின் படம் உப்பின் படத்தைவிடக் கஞ்சத்தனமானது. ஒருசில மங்கிய வில்களும் கறைகளும்தான். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் படத்தோடு வேதியியல் செய்தி ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள்: கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று இணைந்து ஓடினால், ஒவ்வொன்றிலும் மூன்றுக்கு ஓர் இடம் உள்பக்கம் திரும்பும். அந்த நெருக்கடியில் கிளைசின் மட்டுமே அடங்கும். 1954-இல் முப்புரியாக அந்த அமைப்பு நேச்சர் இதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் மூன்றும் சேர்ந்து மேலும் முறுக்கிக்கொள்வதாகத் திருத்தினார்கள்.

கேம்பிரிட்ஜிலிருந்து பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் மறுப்பு எழுப்பினார்கள். சில அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் அளவுக்கு நெருங்கி நிற்கின்றன, சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டல்ல, ஒன்றுதான் என்றார்கள். முப்புரி என்ற அடிப்படை நின்றது. விவரத்தில் அவர்களுடைய குறை சரியானது. கிண்டியில் அதற்குக் கிடைத்த பதில் சினம் அல்ல. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று யார் அளந்திருக்கிறார்கள்? அதுவரை உலகில் தீர்க்கப்பட்ட சிறிய படிகங்களின் அமைப்புகளையெல்லாம் திரட்டி, ஒவ்வொரு வகை அணுவும் மற்றொன்றுக்கு எவ்வளவு அருகே வந்திருக்கிறது என்று பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் உள்ள இரண்டு திருகு கோணங்கள் எந்தெந்த மதிப்புகளை எடுக்கலாம், எவற்றை எடுத்தால் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் கணக்கிட்டு வரைந்தார்கள். 1963-இல் வெளியான அந்த வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட பகுதிகள் சிறு தீவுகளாக நிற்கின்றன. மீதி வெறும் வெளி.

கணினி அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, சின்க்ரோட்ரான் கனவிலும் இல்லை. இருந்தது உப்பிலிருந்து தொடங்கி அரை நூற்றாண்டாகச் சேர்ந்திருந்த படிக அறிவு, அதைத் திரட்டிப் பார்க்கத் தூண்டிய ஒரு தோல் புரதம், ஏற்றுக்கொள்ளத்தக்க ஒரு கண்டனம். புரதத் தரவு வங்கியில் இன்று சேரும் புரத அமைப்புகள், கிரெனோபிளில் அளந்தவை உட்பட, அந்தத் தீவுகளுக்கு வெளியே எத்தனை கோணங்கள் விழுகின்றன என்ற எண்ணிக்கையோடுதான் வெளியாகின்றன.